நடுவில் எங்கே நிற்பது: கியூப் தீர்க்கும் கணக்கு

ரூபிக் கியூபைப் பற்றி எங்கே படித்தாலும் முதலில் ஒரு எண்ணைத் தூக்கி நம் முன்னால் போடுவார்கள். 43,252,003,274,489,856,000. அதாவது கிட்டத்தட்ட 4.3 லட்சம் கோடி கோடி நிலைகள். விநாடிக்கு நூறு கோடி நிலைகளைப் பார்க்கிற கணினி ஒன்று இருந்தால்கூட எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்து முடிக்க 1,370 ஆண்டுகள் ஆகும். சரி, பயந்தாயிற்று. அப்புறம்?

பெரும்பாலான கட்டுரைகள் அந்த இடத்திலேயே நின்றுவிடுவது எனக்கு எரிச்சல். ஏனென்றால் அந்த எண் மட்டும் கஷ்டத்தைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. 21 சீட்டுகளைக் கலைத்தால் வரக்கூடிய வரிசைகள் 51,090,942,171,709,440,000. கியூபைவிட அதிகம். ஆனால் 21 சீட்டுகளை வரிசைப்படுத்தி அடுக்கச் சொன்னால் சின்னக் குழந்தையும் அடுக்கிவிடும், எண் தெரிந்தால் போதும். அங்கே ஒரு சீட்டை எடுத்து அதன் இடத்தில் வைத்தால் மற்றவை அப்படியே இருக்கும். கியூபில் ஒரு பக்கத்தைத் திருப்பினால் நான்கு மூலைத் துண்டுகளும் நான்கு விளிம்புத் துண்டுகளும் சேர்ந்து கிளம்புகின்றன. ஒன்றைச் சரிசெய்யப் போனால் ஏழு கலைகிறது. கஷ்டம் முழுக்க அங்கேதான் இருக்கிறது, அதை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் கணக்கு.

அந்தப் பெரிய எண் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் வேகமாகப் பார்த்துவிடலாம், பின்னால் வேண்டியிருக்கும். 8 மூலைகள், ஒவ்வொன்றையும் 3 விதமாக வைக்கலாம். 12 விளிம்புகள், ஒவ்வொன்றையும் 2 விதமாக வைக்கலாம். மையங்கள் நகர்வதில்லை. எல்லாவற்றையும் பெருக்கினால் நமக்கு வேண்டியதைப்போல 12 மடங்கு வரும். கடைசி மூலையின் திருகல் மற்ற ஏழைப் பொறுத்தே அமைகிறது, அதனால் 3ஆல் வகுக்க வேண்டும். கடைசி விளிம்பின் புரட்டலும் அப்படியே, 2ஆல் வகுக்க வேண்டும். ஒரு கால் சுற்று மூலைகளிலும் விளிம்புகளிலும் ஒரே சமயத்தில் ஒற்றைப்படை மாற்றத்தை (ஒற்றை எண்ணிக்கையில் ஜோடி ஜோடியாக இடம் மாற்றுவதற்குச் சமமானதை) உண்டாக்குகிறது, ஆகவே இரண்டு மூலைகளை மட்டும் இடம் மாற்ற முடியாது, இன்னொரு 2. கியூபைப் பிரித்துப்போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி மாட்டினால் பன்னிரண்டில் ஒரு முறைதான் தீர்க்கக்கூடிய கியூப் கிடைக்கும் என்பதற்கும் இதே கணக்குதான் காரணம்.

இந்த நிலைகள் எல்லாம் சேர்ந்து கணிதத்தில் சொல்கிற ஒரு குலமாக (group: ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யலாம், எதையும் திருப்பி எடுக்கலாம்) அமைகின்றன. வலதைத் திருப்பி மேலைத் திருப்புவதும், மேலைத் திருப்பி வலதைத் திருப்புவதும் வேறு வேறு. எந்த வரிசையையும் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருந்தால் என்றாவது ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்கும். வலது, மேல் என்று மாற்றி மாற்றிக் கால் சுற்றாகத் திருப்பினால் அந்த ஜோடியை 105 முறை செய்த பிறகு பழைய நிலை வரும். வலது, மேல், வலது எதிர்த்திசை, மேல் எதிர்த்திசை என்று செய்தால் வெறும் 6 முறை. எவ்வளவு முயன்றாலும் 1,260 முறைக்கு மேல் எடுக்கிற வரிசை கிடையாது.

அந்த ஆறு முறை வரிசை சாதாரணமானது இல்லை. ஒன்றைச் செய், இன்னொன்றைச் செய், முதலாவதைத் திருப்பி எடு, இரண்டாவதைத் திருப்பி எடு. இரண்டு செயல்களும் ஒன்றையொன்று தொடும் இடம் சிறியதாக இருந்தால் மீதம் இருக்கும் கலைவும் சிறியதாகவே இருக்கும். இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு இடம் மட்டும் இருந்தால் மூன்று துண்டுகள் மட்டும் சுற்றி இடம் மாறி மற்ற எல்லாமே அப்படியே இருக்கும். மூன்று மூலைகளை இப்படி 8 நகர்வுகளில் சுற்றலாம் (ஒரு பக்கத்தைக் கால் சுற்றோ அரைச் சுற்றோ திருப்புவது ஒரு நகர்வு). கண்ணைக் கட்டிக்கொண்டு கியூப் தீர்ப்பவர்கள் செய்வது முக்கால்வாசி இதைத்தான். கியூப் மட்டுமில்லை, பிரமிங்க்ஸ், மெகாமிங்க்ஸ் என்று எந்தத் திருகு புதிரைக் கையில் கொடுத்தாலும் இந்த ஒரு யோசனையை வைத்துக்கொண்டு தீர்த்துவிடலாம், யாரிடமும் சூத்திரம் கேட்க வேண்டாம். ஆனால் நகர்வுகள் நூறைத் தாண்டும். தீர்ப்பது ஒன்று, சிக்கனமாகத் தீர்ப்பது வேறு.

சிக்கனத்துக்குக் கணினி. நான் எழுதிய முதல் புரோகிராம் 2×2×2 கியூபுக்கு, யார் ஆரம்பித்தாலும் அங்கிருந்தே ஆரம்பிக்கச் சொல்வேன். ஒரு மூலையை நிலையாகப் பிடித்துக்கொண்டால் மீதி ஏழு மூலைகளுக்கு 3,674,160 நிலைகள்தான். தீர்ந்த நிலையிலிருந்து கிளம்பி, ஒரு நகர்வில் போகக்கூடிய 9 நிலைகளை எழுது, இரண்டு நகர்வில் போகக்கூடிய 54 நிலைகளை எழுது, இப்படியே அடுக்கடுக்காகப் போனால் பதினோராவது அடுக்கோடு எல்லாம் தீர்ந்துவிடும். அந்தக் கடைசி அடுக்கில் 2,644 நிலைகள்தான் இருக்கின்றன. ஒன்பதாவது அடுக்கில் மட்டும் 1,887,748, அதாவது பாதிக்கும் மேல். தூரங்களை ஒரு அட்டவணையில் வைத்துக்கொண்டால் எந்தக் கலைந்த கியூபையும் மிகக் குறைந்த நகர்வில் தீர்ப்பது சரிவில் இறங்குவதுதான்: இப்போது தூரம் 9 என்றால், 8 இருக்கிற பக்கத்து நிலைக்குப் போ, அங்கிருந்து 7.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு தந்திரம் உண்டு. தூரத்தை முழுதாகச் சேமிக்கவே வேண்டாம், 3ஆல் வகுத்தால் வரும் மீதியை மட்டும் வைத்தால் போதும். ஒரு நகர்வில் தூரம் ஒன்று குறையும், அல்லது மாறாது, அல்லது ஒன்று கூடும். மூன்று வாய்ப்புகள், மூன்று மீதிகள். எந்தப் பக்கத்து நிலை நெருக்கமானது என்று மீதியே சொல்லிவிடும். இறங்கி முடித்த பிறகு எத்தனை படி இறங்கினோம் என்று எண்ணினால் முழுத் தூரமும் தெரிந்துவிடும். ஒரு நிலைக்கு இரண்டு பிட்டுகள், மொத்த 2×2×2 கியூபும் சுமார் 9 லட்சம் பைட்டில் அடங்கிவிடுகிறது. ஒரு சின்னப் புகைப்படம் இதைவிட அதிக இடம் பிடிக்கும்.

இதே வழியை 3×3×3க்குப் போட்டால் நடக்காது. ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைவிடச் சுமார் 13 மடங்கு பெருக்கிறது. இரண்டு பக்கமும் தேடி நடுவில் சந்திக்கலாமே என்று தோன்றும், 20 நகர்வு தூரத்துக்குப் பத்து இந்தப் பக்கம், பத்து அந்தப் பக்கம். சரியாக 10 நகர்வு தூரத்தில் இருக்கும் நிலைகள் மட்டும் 232,248,063,316. இருபத்து மூவாயிரம் கோடிக்கும் மேல். வீட்டுக் கணினியின் நினைவகத்தில் வைக்கிற எண் இல்லை அது.

இங்கேதான் மோர்வென் திசில்த்வெயிட் என்ற கணிதவியலாளர் 1981இல் செய்த காரியம் வருகிறது. ஒரேயடியாகத் தீர்ந்த நிலைக்குப் போக முயலாமல் நடுவில் நிறுத்தங்கள் வைத்தார். நாம் கையால் தீர்க்கும்போதும் நிறுத்தங்கள் வைக்கிறோம்தான்: முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு, கடைசி அடுக்கு. ஆனால் நம் நிறுத்தங்கள் துண்டுகளைச் சேர்த்துவைத்துக்கொண்டே போகின்றன, அதனால் போகப் போகக் கை கட்டப்படுகிறது. ஒவ்வொரு முறையும் கட்டியதை உடைத்து மறுபடி கட்ட வேண்டியிருக்கிறது. அவர் துண்டுகளை விட்டுவிட்டு நகர்வுகளைக் குறைத்தார். முதல் கட்டம் முடிந்தபின் மேல், கீழ் பக்கங்களைக் கால் சுற்றாகத் திருப்பவே தேவையில்லாத ஒரு நிலைக்கு வருகிறோம், இனி அவற்றுக்கு அரைச் சுற்று மட்டும். இரண்டாம் கட்டம் முடிந்தபின் முன், பின் பக்கங்களுக்கும் அரைச் சுற்று மட்டும். மூன்றாம் கட்டம் முடிந்தால் ஆறு பக்கத்துக்குமே அரைச் சுற்று மட்டும் போதும். நான்காவது கட்டத்தில் கியூப் தீர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு உட்குலம். அதற்குள் நுழைந்தபின் அதற்கு அனுமதிக்கப்பட்ட நகர்வுகளைச் செய்தால் வெளியே விழவே முடியாது, ஆகையால் கட்டியதை உடைக்கும் பேச்சே இல்லை.

வெளியிலிருந்து பார்த்தால் கியூப் கடைசிவரை கலைந்தே கிடப்பதுபோல இருக்கும். மூன்றாம் கட்டம் முடிந்த கியூபைப் பார்த்தால்தான் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டே நிறங்கள், எதிரெதிர் நிறங்கள், என்று ஏதோ ஒழுங்கு தெரியும்.

கட்டங்களின் அளவைப் பாருங்கள்: 2,048, 1,082,565, 29,400, 663,552. நான்கையும் பெருக்கினால் அந்தப் பயமுறுத்தும் எண் அப்படியே வரும். ஆனால் நாம் பெருக்கப் போவதில்லை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அட்டவணை, பெரியது பத்து லட்சத்துச் சொச்சம். அவர் முதலில் நிரூபித்தது அதிகபட்சம் 52 நகர்வுகள். பிறகு அட்டவணைகளை முழுதாகக் கணக்கிட்டபோது 7, 10, 13, 15 என்று மொத்தம் 45க்குள் அடங்கியது.

ஹெர்பர்ட் கோசியம்பா 1992இல் செய்தது, திசில்த்வெயிட்டின் நான்கு கட்டங்களை இரண்டிரண்டாக ஒட்டியது. முதல் இரண்டும் சேர்ந்தால் 2,217,093,120, பின் இரண்டும் சேர்ந்தால் 19,508,428,800. அதாவது ஒரே ஒரு நிறுத்தம்: எல்லா மூலைகளும் திருகல் இல்லாமல், எல்லா விளிம்புகளும் புரட்டல் இல்லாமல், நடு அடுக்கின் நான்கு விளிம்புகள் நடு அடுக்கிலேயே (எந்த வரிசையில் வேண்டுமானாலும்) இருக்க வேண்டும். முதல் பாதி எந்த நிலையிலிருந்தும் 12 நகர்வுக்குள் முடியும், இரண்டாம் பாதி 18க்குள். கூட்டினால் 30, இது ஒன்றும் பிரமாதம் இல்லை. பிரமாதம் அடுத்ததில் இருக்கிறது. முதல் பாதிக்கு 10 நகர்வுகளில் ஒரு வழி கிடைத்து, இரண்டாம் பாதி 14 எடுத்து, மொத்தம் 24 என்று வந்தால் புரோகிராம் அதோடு நிற்பதில்லை. முதல் பாதியை 10 நகர்வுகளிலேயே வேறு வழியில், பிறகு 11 நகர்வுகளில், 12இல் என்று வேண்டுமென்றே நீட்டி நீட்டிப் பார்க்கிறது. நிறுத்தத்தின் வேறு மூலையில் போய் இறங்கினால் அங்கிருந்து வீடு கிட்டத்தில் இருக்கலாம். 12ஐயும் 9ஐயும் கூட்டினால் 21தானே. முதல் பாதியை நீட்டிக்கொண்டே போய் இரண்டாம் பாதி பூச்சியமாகிவிட்டால், கையில் இருப்பதுதான் மிகக் குறுகிய தீர்வு என்பது நிரூபணமே ஆகிவிடும். ஆனால் அதுவரை யாரும் காத்திருப்பதில்லை. கண் இமைக்கும் நேரத்தில் இருபதுக்குப் பக்கத்தில் ஒரு தீர்வு வந்துவிடுகிறது, பெரும்பாலான வேலைக்கு அது போதும்.

போதாது, மிகக் குறுகியதுதான் வேண்டும் என்றால் வேறு பாதை. 1997இல் ரிச்சர்ட் கோர்ஃப் அதைச் செய்தார். மூலைகளை மட்டும் பார், விளிம்புகளை மறந்துவிடு: 88,179,840 நிலைகள், முழு அட்டவணை போடலாம். விளிம்புகளில் ஆறை மட்டும் பார்: 42,577,920. மீதி ஆறுக்கும் அதே அளவு. மூலைகளை மட்டும் தீர்க்கவே 9 நகர்வு வேண்டும் என்று அட்டவணை சொன்னால் முழுக் கியூபும் 9க்குக் குறைவாகத் தீர வழியே இல்லை. மூன்று அட்டவணைகளில் எது அதிகமாகச் சொல்கிறதோ அதை எடுத்துக்கொண்டு, மிச்சம் இருக்கும் நகர்வுகளுக்குள் முடியாத கிளைகளையெல்லாம் வெட்டிக்கொண்டே ஆழமாகத் தேட வேண்டும். அவர் தீர்த்த பத்துக் கலைந்த கியூப்களில் இடைநிலை நீளம் 18. நகர்வு வரிசைகளை எண்ணிப் பார்த்தாலே, சில நிலைகளுக்காவது 18 நகர்வு தேவை என்று காட்டிவிடலாம். 17 நகர்வு வரைக்குமான வரிசைகள் எல்லா நிலைகளுக்கும் போதாது.

மிகக் குறுகியதற்கும் போதுமானதற்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தைப் புரிந்துகொள்ள 2010இல் முடிந்த நிரூபணத்தைத்தான் பார்க்க வேண்டும். எந்த நிலையும் 20 நகர்வுக்குள் தீரும் என்று தாமஸ் ரொகிக்கி, கோசியம்பா, மார்லி டேவிட்சன், ஜான் டெத்ரிட்ஜ் ஆகிய நால்வரும் காட்டினார்கள். (20க்குக் குறைக்க முடியாது என்பது 1995இலேயே தெரியும்: எல்லாத் துண்டுகளும் தம் இடத்திலேயே இருந்து, 12 விளிம்புகளும் மட்டும் புரண்டு கிடக்கும் நிலைக்கு 20 கட்டாயம் என்று மைக்கேல் ரீட் நிரூபித்திருந்தார்.) அவர்கள் எடுத்துக்கொண்டது அதே கோசியம்பா நிறுத்தம்தான். மொத்த நிலைகளையும் 221 கோடிச் சொச்சம் தொகுப்புகளாகப் பிரித்தார்கள், ஒரு தொகுப்பில் 1,950 கோடி நிலைகள். சமச்சீரையும் தொகுப்புகள் ஒன்றின்மேல் ஒன்று படிவதையும் வைத்துக் கழித்ததில் தீர்க்க வேண்டிய தொகுப்புகள் 55,882,296 ஆகக் குறைந்தன. ஒரு தொகுப்பு முழுவதையும், ஒரு நிலைக்கு ஒரு பிட் என்று வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் சுமார் 20 விநாடியில் தீர்த்தார்கள். பெருக்கிப் பாருங்கள், ஒரே கணினி என்றால் 35 ஆண்டுகள். கூகுள் தன் கணினிகளைக் கொடுத்ததால் சில வாரங்களில் முடிந்தது.

அவர்கள் ஒரு நிலைக்குக்கூட மிகக் குறுகிய தீர்வைத் தேடவில்லை என்பதைக் கவனியுங்கள். 20 அல்லது அதற்குக் குறைவு, அவ்வளவுதான். தனித்தனி நிலைகளை மிகக் குறுகியதாகத் தீர்த்தால் ஒரு கணினிக்கு விநாடிக்கு அரைகூட வராது. 20க்குள் இருந்தால் போதும் என்று விட்டுக்கொடுத்தால் விநாடிக்கு 3,900. அதையே தொகுப்பாகத் தீர்த்தால் நூறு கோடி. வேகமான கணினியை வாங்கி இந்த வித்தியாசத்தை யாரும் பிடிக்க முடியாது. கால் சுற்றை மட்டும் ஒரு நகர்வாக எண்ணினால் விடை 26 என்று 2014இல் ரொகிக்கியும் டேவிட்சனும் அதே முறையை வைத்துக் கணக்கிட்டார்கள்.

மனிதர்கள் பக்கம் வந்தால் இன்னும் சுவாரசியம். வேகமாகத் தீர்ப்பவர்களுக்கு நகர்வு எண்ணிக்கை பெரிய பொருட்டே இல்லை, அவர்களுடைய பிரபலமான முறையில் சாதாரணமாக 50, 60 நகர்வுகள் போகும். கை நிற்காமல் ஓட வேண்டும், கண் அடுத்ததைப் பார்க்க வேண்டும், அதுதான் அவர்களின் சிக்கனம். ஆனால் குறைந்த நகர்வுப் போட்டி என்று ஒன்று இருக்கிறது: ஒரு மணி நேரம், காகிதம், பேனா, சில கியூப்கள், கணினி கூடாது. அதில் முன்னணியில் இருப்பவர்கள் இன்று எங்கே நிறுத்தம் வைக்கிறார்கள் தெரியுமா? அதே கோசியம்பா நிறுத்தத்தில். கணினிக்காகத் தேடிப் பிடித்த ஒரு உட்குலத்தை மனிதர்கள் கையால் அடைகிறார்கள், அதுவும் நான்கு கட்டங்களில் வருவதுபோல முதலில் விளிம்புகளின் புரட்டலைத் தீர்த்துவிட்டு. செபாஸ்தியானோ டிரோன்டோ 2019இல் போட்டியில் 16 நகர்வில் ஒரு தீர்வு எழுதினார்.

ரோபோக்களுக்கு இன்னொரு கணக்கு. 2018இல் எம்ஐடியில் இரண்டு பேர் செய்த ரோபோ 0.38 விநாடியில் தீர்த்தது, பிறகு பர்டூ பல்கலைக்கழக மாணவர்களின் ரோபோ 0.103 விநாடிக்கு இறக்கியது. அந்த வேகத்தில் அரைச் சுற்றுக்கு ஆகும் நேரம் கால் சுற்றுக்கு ஆவதைவிட அதிகம், எதிரெதிர் பக்கங்களை ஒரே சமயத்தில் திருப்பினால் இரண்டு நகர்வு ஒன்றாகிவிடும். ஆக 19 நகர்வுத் தீர்வைவிட 21 நகர்வுத் தீர்வு சீக்கிரம் முடியலாம். எதைக் குறைக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்யாமல் புரோகிராம் எழுத உட்காருவதில் அர்த்தமில்லை.

தானாகக் கற்றுக்கொள்ளும் புரோகிராம்களும் வந்துவிட்டன. 2019இல் வெளியான டீப்கியூப்ஏ தீர்ந்த நிலையிலிருந்து பின்னோக்கிக் கலைத்துக் கலைத்தே பழகி, சோதித்த கியூப்களில் சுமார் 60 சதவீதத்துக்கு மிகக் குறுகிய தீர்வைக் கண்டுபிடித்தது. நல்ல வேலைதான். எனக்கு மனசு என்னவோ உட்குலங்கள் பக்கமே சாய்கிறது, அங்கே எதற்கு எது ஏன் என்று கேட்டால் பதில் இருக்கிறது.

4×4×4க்குப் போனால் நிலைகள் 46 இலக்க எண்ணாகிவிடும், எத்தனை நகர்வு போதும் என்பதற்குச் சரியான விடை இன்றுவரை யாரிடமும் இல்லை. எல்லோரும் செய்வது இதுதான்: மையங்களைச் சேர்த்து, விளிம்புகளை ஜோடி சேர்த்து, 3×3×3 ஆக்கிவிடுவது. அந்த நிறுத்தத்துக்கு ஒரு விலை உண்டு. இரண்டுக்கு ஒரு முறை, கடைசியில் ஒரே ஒரு விளிம்பு ஜோடி மட்டும் புரண்டு கிடக்கும், 3×3×3இல் நடக்கவே முடியாதது. வெளிப் பக்கத்தைக் கால் சுற்று திருப்பினால் விளிம்புத் துண்டுகளில் இரண்டு நான்கு-சுழற்சிகள், ஆக மொத்தம் இரட்டைப்படை. உள் அடுக்கைத் திருப்பினால் மட்டும்தான் ஒற்றைப்படை. எனவே 3×3×3 ஆக்கிய பிறகு வெளிப் பக்கங்களை எவ்வளவு திருப்பினாலும் அது சரியாகாது, உள் அடுக்குகளைத் தொடுகிற ஒரு நீளமான சூத்திரத்தைக் கடைசியில் போட வேண்டியிருக்கிறது. புரோகிராம் எழுதினால் இந்தச் செலவு வேண்டாம். கலைந்த கியூபின் 24 விளிம்புத் துண்டுகளின் சுழற்சிகளை ஆரம்பத்திலேயே எண்ணிவிட்டு, மையங்களைச் சேர்க்கும் கட்டத்தில் உள் அடுக்குக் கால் சுற்றுகள் ஒற்றையா இரட்டையா என்பதை அதற்கேற்ப அமைத்துக்கொண்டால் போதும்.